கடலுக்கு அனுப்பிய முதல் பீஸ்

ஜனவரி 20, 2025

கம்பெனி பஸ்ஸில் ஏசி போட்டால் நடுக்கம், நிறுத்தினால் அத்தனை பேரின் வேர்வை நாற்றம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு என்பது அந்த டிரைவருக்கு இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை வருவதற்குள் தலை விண்ணென்று ஆகிவிட்டது. கதவைத் திறந்த அம்மா, "அந்த லீடு வேலை இன்னாடி ஆச்சு?" என்றாள். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் குறைந்தா போய்விடுவாள்.

லீடு வேலை ஒன்றும் ஆகவில்லை. குவாலிட்டியில் அந்த டீம் லீடர் நாற்காலிக்கு இரண்டு பேர் நிற்கிறோம், நானும் ஸ்ரீதரும். நான் டிப்ளமா முடித்த கையோடு தகடு அடிக்கும் இந்த பிரஸ் ஷாப்புக்கு வந்தவள். கார் கதவுத் தகடுகளைத் தடவிப் பார்த்தே கைரேகை தேய்ந்தவள். அவன் போன வருஷம் வந்த பி.இ., தலையில் ஜெல். மார்ச்சில் சொல்கிறேன் என்றிருக்கிறார் ராஜசேகர் சார். பிளான்ட் மேனேஜர் அவர்தான், அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இதை வேறு எங்கும் இப்படி எழுத முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 22

வருஷாந்திர டூர் எங்கே என்று மீட்டிங். வழக்கமாக ஏலகிரி, இல்லாவிட்டால் மாமல்லபுரத்தில் ஏதாவது ரிசார்ட். பிரியாணி, மியூசிக்கல் சேர், குரூப் போட்டோ. இந்தத் தடவை ஸ்ரீதர் எழுந்து நின்றான். "சார், ஸ்கூபா டைவிங் போலாம் சார்." கோவளம் தாண்டி ஒரு குப்பத்திலிருந்து படகில் கூட்டிப்போகிறார்களாம், நீச்சல்கூடத் தெரிய வேண்டாமாம். கடலுக்கு அடியில் பாறை, மூழ்கிப்போன பழைய தோணி, அதைச் சுற்றி மீன். போனில் வீடியோ காட்டினான். நீலமாக என்னவோ ஓடியது.

எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். ராஜசேகர் சார் போனைக் கையில் வாங்கி இரண்டாம் தடவை பார்த்தார். என் நாற்காலி அந்த நீலத்துக்குள் இறங்கிப் போவதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 23

ஸ்ரீதருக்கு நீச்சல் தெரியாது. விசாரித்துவிட்டேன்.

ஜனவரி 28

இன்று என் முறை. "சார், இடம் எப்படின்னு பாக்காம மொத்தப் பேரையும் எப்படி சார் கூட்டிட்டுப் போறது? நாம எதையுமே ஃபர்ஸ்ட் பீஸ் பாக்காம ஓட்டறதில்லையே" என்றேன்.

எங்கள் பிழைப்பே அதுதான். ஷிஃப்ட் தொடங்கியதும் பிரஸ்ஸிலிருந்து வரும் முதல் தகட்டை எடுத்து அளந்து, தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை டேக், லைன் ஓடும். இல்லை என்றால் சிவப்பு, எல்லாம் நிற்கும். முதல் பீஸ் என்ன சொல்கிறதோ அதுதான் அன்று அடிக்கும் மொத்த லாட்டுக்கும் விதி.

சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்படிப் போடு. ஒரு ஆளை இறக்கிப் பாத்துட்டு ரிப்போர்ட் குடுமா. ஓகேன்னா போவோம், இல்லைன்னா ஏலகிரி." ஸ்ரீதரின் முகம் சுண்டிப்போனது. ஆளை நானே பார்த்து அனுப்புகிறேன் என்று அந்தப் பொறுப்பையும் அங்கேயே கையோடு வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 30

யாரை அனுப்புவது என்று யோசிக்கவே தேவையில்லை. தசரதன்.

கான்ட்ராக்ட் ஆபரேட்டர். வருஷக் கணக்காக அதே பிரஸ், அதே நீலச் சட்டை. பர்மனென்ட் பண்ணும் லிஸ்டில் இந்த வருஷம்தான் பெயர் வந்திருக்கிறது. என்னைவிட வயதில் மூத்தவர், நான் அண்ணா என்பேன், அவர் மேடம் என்பார்.

அவருக்கு வலது காது கேட்காது. இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பிரஸ் ஷாப்பில் யாருக்குமே எதுவும் கேட்காது. அந்த இரைச்சலில் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். முஷ்டி மடக்கினால் நிறுத்து. தோளில் இரண்டு விரல் வைத்தால் சூப்பர்வைசர் வருகிறார். வயிற்றைத் தட்டினால் கேன்டீன் போகலாமா. மாமியார் வந்திருக்கிறாள், ஊருக்குப் போகிறேன், நேற்று சரக்கு அதிகம் — எல்லாவற்றுக்கும் கை உண்டு. எனக்கு அதில் பாதிகூடப் புரியாது.

நான் கண்டுபிடித்தது, வருஷா வருஷம் கம்பெனிக்கு வரும் மெடிக்கல் வேனில். காது டெஸ்ட்டுக்குக் கண்ணாடி போட்ட சின்ன அறை. சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்த வேண்டும். அவர் சத்தத்தைக் கேட்கவில்லை, கண்ணாடி வழியாக நர்ஸின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு அசைந்தால் பட்டன். அடுத்த ஆளாக நின்ற எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பிசகு எங்கே என்று பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம். பிறகு அவர் வலப்பக்கம் போய்க் கூப்பிட்டேன், திரும்பவில்லை. இடப்பக்கம் கூப்பிட்டேன், திரும்பினார்.

"சின்ன வயசுல சீழ் வச்சது மேடம். அப்புறம் இந்த மிசின் சத்தத்துல இன்னொண்ணும் கொஞ்சம் மந்தம். இத்த மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம், பர்மனென்ட் ஆவப்போற நேரம்" என்றார். சொல்லவில்லை, இன்றுவரை. நல்ல சாவியைத் தூக்கி எறிகிறவளா நான்.

பிப்ரவரி 1

கணக்கு இதுதான். கடலுக்குள் இறங்கினால் காதைத்தான் அழுத்துமாம். நல்ல காதே வலிக்குமாம். இவருடைய காது தாங்காது, கொஞ்சம் இறங்கியதும் வலி என்று மேலே வந்துவிடுவார். முதல் பீஸ் ரிஜெக்ட். ஏலகிரி. ஸ்ரீதரின் நீல வீடியோவை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

டீ டைமில் கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணா, ஒரு நல்ல சான்ஸ். லிஸ்ட் போடற நேரத்துல சார் கண்ணுல படுவீங்க."

"மேடம்... காது..."

"கொஞ்ச நேரம்தான் அண்ணா. வேணாம்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாக்கறேன். ஆனா ஏன் வேணாம்னு சார் கேப்பாரு, நான் ஏதாவது சொல்லணும் இல்ல?"

மீதி டீயைக் கீழே ஊற்றினார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். பாவமாக இருந்ததா? இருந்தது, கொஞ்சம். கேன்டீனில் அன்று போண்டா, அது சூடாகவும் இருந்தது.

பிப்ரவரி 11

தைப்பூசம். கோயில் கூட்டத்தில் பஸ் ஊருக்குள்ளேயே வரவில்லை, காவடிக்கும் காருக்கும் நடுவில் புகுந்து நடந்தே வந்தேன். லீடு வேலைக்காக அம்மா நேர்ந்துகொண்டாளாம். முருகனுக்கு இருக்கும் வேலையில் குவாலிட்டி டிபார்ட்மென்ட் வேறு.

பிப்ரவரி 16, ஞாயிறு

கம்பெனி காரில் போனோம், தசரதனும் நானும். ஸ்ரீதரைக் கூப்பிடவில்லை. வழியெல்லாம் அவர் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். வீட்டுக்காரி லீலா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு வேண்டாம் என்றேன்.

குப்பத்தில் டைவிங் நடத்துபவர் யாக்கோபு. மீன்பிடிக் குடும்பம், தலை நரைத்திருக்கிறது, கடற்கரை வெயிலில் காய்ந்த உடம்பு. கீழே வாய் பேச முடியாது, எல்லாம் கைதான் என்று சைகை சொல்லிக்கொடுத்தார். விரலை வளைத்தால் சரி. கையை ஆட்டினால் ஏதோ கோளாறு. காது வலித்தால் காதைக் காட்டு. தசரதன் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். யாக்கோபு சிரித்து, "இன்னாண்ணா, முன்னாடியே டைவ் அடிச்சிருக்கியா?" என்றார். "இல்ல சார், பிரஸ் ஷாப்பு" என்றார் இவர்.

படகு கிளம்பி இன்ஜின் போட்ட பிறகு யாக்கோபு இன்னொன்று கேட்டார். "காதுல சீழு, ஓட்டை, ஆபரேசன் ஏதாவது உண்டா?" அவர் உட்கார்ந்திருந்தது இவருடைய வலப்பக்கம். இவருக்குக் கேட்கவில்லை. எப்போதும்போல என்ன கேட்கிறார் என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை — கம்பெனியிலும் இப்படித்தான், நான் திருப்பிச் சொல்வேன் என்று நம்பிப் பார்ப்பார்.

நான் யாக்கோபுவிடம் சொன்னேன், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, கம்பெனில மெடிக்கல் எடுத்தாச்சு."

இறங்கினார்கள். நான் படகில். எனக்குக் குமட்டல், வெயில், டீசல் நாற்றம். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. இதோ வந்துவிடுவார் என்று பார்த்தேன், வரவில்லை. குமிழி நகர்ந்து நகர்ந்து போனது. வலிக்கவில்லையா என்ன? ஒரு கட்டத்தில் எனக்குக் கோபம்கூட வந்தது.

கடைசியில் வந்தார்கள். படகில் ஏற்றியதும் தசரதன் குப்புறச் சாய்ந்து வாந்தி எடுத்தார். உலகமே சுற்றுகிறது என்று பலகையைப் பிடித்துக்கொண்டார். வலது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக, டைவிங்குக்குப் போட்ட கறுப்பு உடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. யாக்கோபு என்னைப் பார்த்துக் கத்தினார். "காதுல கோளாறு கீதுன்னு ஏம்மா சொல்லல? கொஞ்சம் கீழ போனதுமே மொகம் சுருங்கிச்சு. மேல போலாம்னு கை காட்டினேன். மாட்டேன்ட்டாரு. மேல வான்னு புடிச்சு இழுத்தா, கைய உதறிக்கினு தோணிக்குள்ள போறாரு."

தசரதன் நிமிர்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"மேடம், கீழ யாருக்குமே காது கேக்காது மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். கேட்காதவன் என்று அங்கே ஒருத்தன் இல்லையாம், யாரும் யாரையும் பார்த்துக் கத்துவதில்லையாம். மீன் கூட்டம் ஒன்று இவரைப் பார்த்து விலகவே இல்லையாம், நடுவில் நின்றாராம். "கண்டிப்பா எல்லாரையும் கூட்டிக்கினு வாங்க மேடம். வராதவன் வேஸ்ட்டு."

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் ஒழுகிக்கொண்டு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா? நான் அனுப்பியது எதற்கு, இவர் வாங்கிக்கொண்டு வந்தது என்ன.

திரும்பும் வழியில் டாக்டரிடம் காட்டினோம். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது, இனி தண்ணீரே ஆகாது, தலைக்குக் குளித்தாலும் பஞ்சு வைத்துக் குளி என்றார்.

பிப்ரவரி 17

காதில் பஞ்சோடு வேலைக்கு வந்துவிட்டார். லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்களே. பிரஸ் பக்கத்தில் நின்று கையால் அந்த மீன் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், சுற்றிலும் நாலு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் போனதும் கலைந்தார்கள்.

"ஓகேன்னே எழுதிருங்க மேடம். மெய்யாலுமே நல்ல எடம்."

பிப்ரவரி 19

சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு பெண். லீலா, தசரதன் வீட்டுக்காரி. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ, பஸ் எல்லாம் மாறி வந்திருக்கிறாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் தயாராக நின்றேன்.

"சண்டைக்கி வர்ல மேடம்" என்றாள், நான் கேட்காமலே. "மனுசன் வூட்ல வாயே தெறக்க மாட்டாரு. நாங்க பேசறது வெளங்காது, இன்னா இன்னான்னு கேக்க வெக்கம், அதனால கம்முனு குந்திகினு இருப்பாரு. ஞாயித்துக்கெழமலேந்து பேசிகினே கீறாரு. புள்ளைங்களுக்கு கையால மீனு காட்டறாரு. இன்னா மேடம் காட்னீங்க அங்க?"

நல்ல இடம் என்றேன்.

"எடம் நல்லா கீதுன்னு அவரே சொல்லிட்டாரு இல்ல. நீங்களும் அதையே எழுதிட்டீங்கன்னா காது பேச்சே வராது. அவ்ளோதான் மேடம், வேற ஒண்ணியும் கேக்கல."

அம்மா காபி கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரை அவளே கழுவி வைத்துவிட்டுப் போனாள். "யாருடி அது, தங்கமான பொண்ணா கீது" என்றாள் அம்மா. எனக்கு எரிச்சலாக வந்தது.

பிப்ரவரி 20

ஓகே என்று எழுதினால் டூர் கடலுக்கு. சார் வாயெல்லாம் பல்லாக ஸ்ரீதர் தோளில் தட்டுவார். மார்ச்சில் நாற்காலி அவனுக்கு. நான் இன்னும் எத்தனை வருஷம் தகடு தடவுவது?

ரிஜெக்ட் என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். இறக்கிய ஆளுக்குக் காதில் ரத்தம். ஏன் ரத்தம் என்று கேட்பார்கள்.

அவர் காது நேற்று கெட்டதா? நானா கெடுத்தேன்? எப்படியும் ஒரு நாள் மாட்டத்தானே போகிறார். இன்னைக்கு இல்லைன்னா அடுத்த வேன்ல. அவர் தலைல எழுதினதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? எனக்கு மட்டும் யார் இரக்கம் பாத்தாங்க — ஆறு வருஷமா, ஒருத்தராவது?

அந்தச் சிரிப்பை மட்டும் அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 21

ரிஜெக்ட். அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 25

மீட்டிங்கில் ராஜசேகர் சார் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சுவர் போர்டுக்கு எழுந்து போனார். எங்கள் கம்பெனியில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் சும்மா விடமாட்டார்கள். ஏன் ஆச்சு, அது ஏன் ஆச்சு, அதுக்கும் ஏன் என்று அடியாழம் போகும்வரை கேட்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரைப் போர்டு முன்னால் நிற்க வைத்து அழ விட்டிருக்கிறேன். ஆனால் டூருக்கும் இதைச் செய்வார் என்று நினைக்கவில்லை.

"ஏன் ரிஜெக்ட்?"

"காதுல ரத்தம் வந்தது சார்."

"ஏன்?"

"சவ்வு கிழிஞ்சிடுச்சு சார்."

"எல்லாருக்கும் கிழியுமா? தினமும் ஜனங்க போய்ட்டு வராங்களே."

"இவருக்கு... முன்னாடியே காது சரியில்ல போல சார்."

"மெடிக்கல்ல ஓகேன்னு இருக்கே?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஸ்ரீதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ரிப்போர்ட் என்னுடையது, என் மேல் பிசகு வரக்கூடாது, அந்த நிமிஷம் அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. கண்ணாடியையும் மணிக்கட்டையும் சொல்லிவிட்டேன்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"இப்பதான் சார். அன்னைக்கு படகுலதான் சொன்னாரு." பொய். குரல்கூட நடுங்கவில்லை.

சார் போர்டில் எழுதினார்: கோளாறு ஆளிடம், இடத்தில் இல்லை. கீழே ஒரு கோடு. "ஆளை மாத்தினா சரியாப் போச்சு. இடம் ஓகே. என்ன ஸ்ரீதர்?" ஸ்ரீதர் பல்லைக் காட்டினான். "நல்ல அனாலிசிஸ், ஐஸ்வர்யா. இவ்ளோ பெரிய ஓட்டையை நம்ம மெடிக்கல்ல கண்டுபிடிச்சிருக்கீங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். ஐயோ. இன்னா பண்ணி வச்சிருக்கேன் நான். அவனுக்கு டூர் போச்சு, எனக்கு நாற்காலி வந்துச்சுன்னாவாவது சரி. ரெண்டும் இல்ல. அந்த மனுசன் மட்டும் போனான்.

மார்ச் 4

மெடிக்கல் வேன் கண்ணாடியில் உள்பக்கம் நியூஸ்பேப்பர் ஒட்டிவிட்டார்கள். பிரஸ் ஷாப் மொத்தத்துக்கும் மறுபடி டெஸ்ட்.

தசரதனை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை, அப்படித்தான் சொல்கிறார்கள். கான்ட்ராக்டர் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். காலையில் கார்டைத் தேய்த்திருக்கிறார், கேட் திறக்கவில்லை. செக்யூரிட்டி என்னவோ சொல்லியிருக்கிறார், இவருக்குக் கேட்கவில்லை, மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். எங்கள் பஸ் உள்ளே நுழையும்போது பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன், மறுமுனையில் யாரும் இல்லை.

மார்ச் 6

பிரஸ் ஷாப்பில் நான் நுழைந்தால் எல்லாக் கைகளும் இறங்கிவிடுகின்றன. முன்பு கொஞ்சமாவது புரியும். இப்போது புரிய ஒன்றுமே இல்லை.

மார்ச் 28

ஸ்ரீதருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்வீட் பாக்ஸ் நீட்டினான், எடுத்துக்கொண்டேன், பாதுஷா. "டூர் ஏற்பாடு எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க ஐஸ்வர்யா, இடம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றான்.

அம்மா கோயிலுக்குப் போவதில்லை இப்போது. முருகனோடு சண்டையாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

டூர் போய்விட்டு வந்துவிட்டோம். எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

படகில் தசரதன் இருந்தார்.

ஏற்பாடு பேச நான் போன் செய்தபோது யாக்கோபு ஒன்றும் சொல்லவில்லை. அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வேலை போன பிறகு ஒரு நாள் தசரதன் லீலாவோடு பஸ் ஏறி வந்திருக்கிறார், மறுபடி ஒரே ஒரு தடவை இறக்கிவிடச் சொல்லி. காதைப் பார்த்து யாக்கோபு முடியாது என்றிருக்கிறார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் மணலிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். போகிற போக்கில் யாக்கோபுதான் கூப்பிட்டிருக்கிறார், படகில் கைவேலைக்கு ஆள் வேண்டும், இருக்கிறாயா என்று. சிலிண்டர் தூக்குவது, பெல்ட் கட்டுவது, நங்கூரம் போடுவது. வாரம் பூராவும் அங்கேயே படுக்கை. தண்ணீருக்குள் மட்டும் இறங்கக்கூடாது.

பிரஸ் ஷாப் ஆட்கள் அவரைப் பார்த்ததும் ஓவென்று கட்டிக்கொண்டார்கள். கைகள் மறுபடி ஆரம்பித்துவிட்டன. நான் படகின் மறு ஓரத்தில் இருந்தேன்.

இறங்கும்போது ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். எனக்கு ஜோடி யாரும் வரவில்லை. கடைசியில் யாக்கோபுவே வந்தார்.

சிலிண்டரை என் முதுகில் ஏற்றி, வாரை இழுத்துக் கட்டியது தசரதன்தான். முகத்துக்கு முகம். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. "வார் இறுக்கமா கீதா மேடம்?" என்றார். பிறகு, "காது வலிச்சா தாங்கிக்காதீங்க. உடனே கை காட்டிடுங்க. மூக்கப் புடிச்சிகினு ஊதினா தொறந்துக்கும்."

இறங்கினேன். காது வலித்தது. ஊசி வைத்துக் குத்துவதுபோல. மூக்கைப் பிடித்து ஊதினேன். எனக்குத் திறந்துகொண்டது.

கீழே என்ன இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. தோணி சாய்ந்து கிடந்தது, பாசி மூடி. அதன் விலாவுக்குள்ளிருந்து மீன் வந்துகொண்டே இருந்தது, தீரவே இல்லை, ஒன்றுகூட விலகவில்லை. சத்தமே கிடையாது. பிரஸ் ஷாப் ஆட்கள் மட்டும் தமக்குள் பேசிக்கொண்டே இருந்தார்கள், கையால், வயிறு குலுங்கச் சிரித்து, குமிழி விட்டு. ஸ்ரீதர் தோணி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். அதைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவையும் அந்த மனுஷன் காது கிழியக் கிழியப் பார்த்திருக்கிறார். நானாக இருந்தாலும் மேலே வந்திருக்க மாட்டேன்.

மேலே வந்ததும் கை கொடுத்துத் தூக்கியதும் அவர்தான். என் முகமூடியைக் கழற்றிவிட்டார். மற்றவர்கள் இன்னும் கீழே இருந்தார்கள். என் பக்கத்தில் குந்தினார், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி.

"எப்படி மேடம்? நான் சொன்னது கரெக்டுதான? வந்ததுக்கு வொர்த்துதான?"

"பெருசா ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். "ஒரே கலங்கல். வந்திருக்கவே வேணாம்."

அவர் அப்படியா என்றார். என் தோள் வாரை அவிழ்த்துவிட்டார். பிறகு எழுந்து அடுத்த ஆளைத் தூக்கப் போனார்.